குக்குறுவான் வெட்டிக் கொடுத்த பாட்டு

அந்தக் காலத்தில் குருவி பேசும், குளத்து நண்டு பேசும், ஆற்றங்கரை அத்திமரம்கூட வாயைக் கொடுத்தால் பதில் சொல்லும். மனிதர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், பேசிக்கொண்டேதான் இருப்பார்கள். ஆனால் அந்தப் பேச்சு நம்முடைய பேச்சு மாதிரி இல்லை. நம் பேச்சில், கரும்புக்குக் கணு இருப்பதுபோலச் சொல்லுக்குள் கணு இருக்கிறது. 'அம்மா' என்று சொல்லிப் பாருங்கள். 'அம்' ஒரு தட்டு, 'மா' ஒரு தட்டு. வாயே தாளம் போடும். அவர்கள் பேச்சில் கணுவே கிடையாது. வாயைத் திறந்தால் கூழை ஊற்றியதுபோல ஒரே ஒழுக்கு. சொல்ல வேண்டியது முழுக்க ஒரே மூச்சில், ஒரே இழுவையாக வந்து விழும். மூச்சு தீர்ந்தால்தான் பேச்சு தீரும்.

இதில் அவர்களுக்குப் பெருமை வேறு. பேச்சை நடுவில் நிறுத்தினால் மானம் போயிற்று. அப்படி நிறுத்தியவனுக்கு 'வாக்கு முறிந்தவன்' என்று பெயர் வைத்துவிடுவார்கள். அவன் வீட்டில் யாரும் கை நனைக்க மாட்டார்கள், அவனுக்குப் பெண்ணும் கொடுக்க மாட்டார்கள். யார் அதிக நேரம் மூச்சு விடாமல் பேசுகிறாரோ அவர்தான் ஊருக்குப் பெரியவர்.

இன்னொரு வழக்கமும் இருந்தது, அதைக் கேளுங்கள். ஒரு வேலையைத் தொடங்குகிறவன், தான் செய்யப்போவதை முதலில் முழுக்கச் சொல்லி முடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கையை வைக்கலாம். சொல்லி முடிக்காமல் கை வைத்தாலும் வாக்கு முறிந்த கணக்குதான். தனியாள் வேலைக்கு இது சரிப்படும். இரண்டு பேர் சேர்ந்து ஒரு கட்டிலைத் தூக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் பேச்சு முன்னால் முடியும், தூக்கிவிடுவான். மற்றவன் இன்னும் பேசிக்கொண்டே இருப்பான். கட்டில் சரிந்து அவன் காலிலேயே விழும். வலிக்கிறது என்று சொல்லவும் அவனுக்கு ஒரு முழு மூச்சு வேண்டும், பாவம். சிரிக்காதீர்கள், உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. சேர்ந்து தூக்கத் தெரியாது, சேர்ந்து இழுக்கத் தெரியாது. சேர்ந்து பாடுவது என்றால் என்னவென்றே யாருக்கும் தெரியாது.

பாட்டு என்று எடுத்தால் அந்தப் பக்கத்திலேயே ஒரே ஒருவன்தான். குக்குறுவான். ஆமாம், நம் வீட்டுப் பக்கத்து மரத்தில் உட்காரும் அதே குட்டிக் குருவிதான். அப்போது அதன் நெற்றியில் சிவப்பு கிடையாது, மார்பிலும் கிடையாது. அலகிலிருந்து வால் வரை பச்சை. ஆனால் குரல் இருந்ததே, அடேயப்பா! காலை வெயிலில் ஒரு பாட்டை எடுத்தால் அது அறுபடாமல், தொய்யாமல், மேலே ஏறி, வளைந்து, இறங்கிப் போய்க்கொண்டே இருக்கும். குயில் வெட்கப்பட்டு வேறு மரத்துக்குப் போய்விடும். குக்குறுவானுக்கு அதில் கர்வமும் உண்டு. இருக்காதா பின்னே? யாராவது கேட்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேதான் பாடும்.

குக்குறுவான் குடியிருந்த அத்திமரத்துக்குக் கீழே ஒரு தோணித்துறை. அங்கே தோணி கட்டுகிறவன் பெயர் நாகன், அவன் மனைவி கொற்றி. அந்த வருடம் நாகன் ஊருக்காக ஒரு பெரிய தோணி கட்டியிருந்தான். இலுப்பைப் பலகைத் தோணி, அந்தத் துறையில் அதற்குமுன் யாரும் பார்க்காத அளவு. கரையில் இரண்டு பக்கமும் கட்டைகளால் முட்டுக் கொடுத்து அதை நிறுத்தியிருந்தார்கள். அடிப்பலகையின் இடுக்குகளில் பஞ்சும் பிசினும் வைத்து அடைக்க வேண்டும். அதற்காக நாகன் தோணியின் வயிற்றுக்குக் கீழே மணலில் ஒரு குழி தோண்டி, அதற்குள் மல்லாந்து படுத்துக்கொண்டு வேலை செய்தான்.

உச்சி வெயில் நேரம். மேற்கே மலையில் மழை பெய்திருக்கிறது, அது இங்கே யாருக்கும் தெரியாது. ஆற்றில் புதுத் தண்ணீர் சத்தமில்லாமல் வந்து கரை மணலை நனைத்தது. நனைந்த மணலில் ஒரு முட்டு வழுக்கியது. அவ்வளவுதான். தோணி ஒரு பக்கமாகச் சாய்ந்து நாகன் படுத்திருந்த குழியின் மேலேயே உட்கார்ந்துவிட்டது.

கொற்றி கஞ்சிக் கலயத்தோடு வந்தவள் அதைக் கண்ணால் பார்த்தாள். கலயத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். தோணிக்கும் மணலுக்கும் நடுவில் ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி. அதில் வாயை வைத்து, "மச்சான், இருக்கீங்களா?" என்றாள்.

"இருக்கேன். அடிபடல. ஆனா குழிக்குள்ள தண்ணி வருது கொற்றி."

அவர்கள் இதையெல்லாம் நிறுத்தாமல் ஒரே இழுவையாகத்தான் சொன்னார்கள். உங்களுக்குப் புரிய வேண்டுமே என்று நான் நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன்.

கொற்றி போட்ட கூச்சலில் ஊரே திரண்டு வந்தது. ஊர்ப் பெரியவர் சாத்தையனும் வந்தார். நெடுமூச்சுச் சாத்தையன் என்றால் எல்லாருக்கும் தெரியும். ஒருமுறை ஒரே மூச்சில் ஒரு கல்யாணத்தையே பேசி முடித்தவர். என்ன செய்ய வேண்டும் என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை. தோணியின் எதிர்ப்பக்க விளிம்பில் வடத்தைக் கட்டி எல்லாரும் சேர்ந்து இழுத்தால் தோணி கொஞ்சம் நிமிரும். நிமிர்ந்த இடைவெளியில் உடனே ஒரு கட்டையைச் செருக வேண்டும். மறுபடி இழுக்க வேண்டும், மறுபடி கட்டையைச் செருக வேண்டும். ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி வந்தால் நாகனை வெளியே இழுத்துவிடலாம்.

வடத்தைக் கட்டினார்கள். ஊரே பிடித்தது. கொற்றி கட்டைகளைக் குவித்து வைத்துக்கொண்டு இடைவெளிக்குப் பக்கத்தில் குந்தினாள்.

பிறகு எல்லாரும் பேசத் தொடங்கினார்கள்!

ஒவ்வொருவரும், 'நான் இந்த வடத்தை இந்தக் கையால் பிடித்து இந்தப் பக்கமாக இழுக்கப்போகிறேன்' என்று தொடங்கி, தன் பலத்தையும் தன் அப்பன் பலத்தையும் சேர்த்து முழு மூச்சில் சொன்னார். முதலில் சொல்லி முடித்தவன் ஒருவன் இழுத்தான், தோணி அசையவில்லை. அடுத்து முடித்தவன் இழுத்தபோது முதல் ஆள் களைத்துப்போய்க் கையைத் தளர்த்தியிருந்தான். இப்படியே ஆளுக்கு ஒரு நேரத்தில், தனித்தனியாக, ஊர் முழுக்க இழுத்து முடித்தது. சாத்தையன் இன்னும் பேச்சையே முடிக்கவில்லை.

"எல்லாரும் ஒரே நேரத்துல இழுங்க மாமா!" என்று கொற்றி கதறினாள்.

சாத்தையன் முடித்துவிட்டு அவளைப் பார்த்தார். "அவனவன் பேச்சு முடியாம எப்படிம்மா இழுப்பான்? வாக்கு முறிஞ்சு போகாதா? நீ பயப்படாதே. தண்ணி ஏறினா தோணி தானா மிதக்கும்."

"தோணி மிதக்கும் மாமா. அதுக்குள்ள அவர் முங்கிடுவாரே."

தண்ணீர் கொற்றியின் கால்விரலைத் தொட்டது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அத்திமரக் கிளையில் குக்குறுவான் கழுத்தை நீட்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது.

"அண்ணே, நீ ஒரு பாட்டைப் பாடு. இவங்க யாரும் பேச வேண்டாம். இவங்களுக்குப் பதிலா உன் பாட்டே பேச்சா இருக்கட்டும். அது முடியறப்ப எல்லாரும் இழுக்கட்டும்."

ஊராருக்கு இது பிடித்திருந்தது. பாட்டு முடியும்போது இழுப்பதாக எல்லாரும் வாக்குக் கொடுத்தார்கள். குக்குறுவான் பாடியது. ஐயோ, அந்த ஆபத்திலும் அது குறுக்குவழியில் பாடவில்லை. ஏறி, வளைந்து, குழைந்து, போய்க்கொண்டே இருந்தது. ஒருவழியாகப் பாட்டு முடிந்ததும் ஊரே ஒன்றாக இழுத்தது. அந்தத் துறையில் அப்படி ஒரு காரியம் அதுவரை நடந்ததில்லை. தோணி முனகிக்கொண்டு ஒரு விரல் அளவு நிமிர்ந்தது! கொற்றி ஒரு கட்டையைச் செருகினாள்.

ஆனால் ஒரு விரல் அளவு எதற்குக் காணும்? அடுத்த இழுப்புக்கு அடுத்த பாட்டு முடிய வேண்டும். குக்குறுவான் இரண்டாவது பாட்டைத் தொடங்குவதற்குள் தண்ணீர் கொற்றியின் கணுக்காலுக்கு ஏறிவிட்டது. குழிக்குள் தலையை இடைவெளி வரை தூக்கிப் பிடித்திருந்த நாகனின் குரல் வந்தது. அந்தக் குரலைக் கேட்டு ஊரே திடுக்கிட்டு நின்றது.

"கொற்... றி... தண்... ணி... வாய்... கிட்ட... வந்... திடுச்... சு..."

தண்ணீர் அலையலையாக வந்து அவன் வாயில் அடித்திருக்கிறது. அலை விலகும்போது ஒரு துண்டு பேச்சு, அடிக்கும்போது ஒரு நிறுத்தம். பிறந்ததிலிருந்து ஒரு பேச்சையும் முறிக்காதவன் இப்போது துண்டு துண்டாகப் பேசினான். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். 'வாக்கு முறிந்துவிட்டதே' என்று ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். சாகக் கிடக்கிறவனிடம் போய் மரியாதையைத் தேடினார்கள், என்ன சொல்வது!

குக்குறுவான் மட்டும் வேறொன்றைக் கவனித்தது. விர்ரென்று தாழ்ந்த கிளைக்கு இறங்கி வந்தது.

"தங்கச்சி, அவர் சொன்னது உனக்குப் புரிஞ்சுதா?"

"எல்லாம் புரிஞ்சுது அண்ணே. ஒவ்வொரு துண்டும் புரிஞ்சுது."

"துண்டு துண்டாத்தான் வந்தது. ஆனா ஒரு துண்டும் சாகல" என்றது குக்குறுவான். "என் பாட்டையும் இப்படி வெட்டினா, வெட்டுக்கு வெட்டு ஒரு துண்டு முடியும். துண்டு முடியறப்பல்லாம் இவங்க இழுக்கலாம்."

"அப்ப வெட்டு அண்ணே."

"வெட்டலாம். ஆனா வெட்டினது மறுபடி ஒட்டாது தங்கச்சி. என் தொண்டை எனக்குத் தெரியும். ஒருதரம் அறுத்துட்டா, காலையில எழுந்து பழையபடி பாட என்னால முடியாது."

கொற்றி அழுதாள். "உன் பாட்டைக் கொடுன்னு கேக்க எனக்கு என்ன உரிமை இருக்கு? அது உன் உயிர், எனக்குத் தெரியும். ஆனா உள்ள கிடக்கிறது என் உயிர். கேக்காம நான் எப்படி இருப்பேன், சொல்லு?"

குக்குறுவான் ஒரு நொடி ஆற்றைப் பார்த்தது. அதற்குப் பயமாகத்தான் இருந்தது. அது தியாகி ஒன்றும் இல்லை, கர்வக்காரக் குருவி. அந்தப் பாட்டை விட்டால் அதனிடம் வேறு என்ன இருந்தது? இருந்தாலும் வாயைத் திறந்தது, பாட்டை எடுத்தது. வெட்டப் பார்த்தது, முடியவில்லை. தொண்டைப் பழக்கத்தில் பாட்டு தன்பாட்டுக்கு ஓடியது. ஓடுகிற பாட்டை எப்படி நிறுத்துவது? குக்குறுவான் தன் நெற்றியைக் கொண்டுபோய்க் கிளையில் ஓங்கி மோதியது.

டொக்!

பாட்டு அறுந்தது. முதல் துண்டு தனியாக வந்து விழுந்தது. ஊர் திகைத்து நின்றது.

"பாட்டு முடிஞ்சுது, இழுங்க!" என்று கொற்றி கத்தினாள். இழுத்தார்கள். ஒரு விரல் அளவு! கட்டையைச் செருகினாள். டொக்! அடுத்த துண்டு. இழுத்தார்கள். இன்னொரு விரல்! டொக்! இன்னொரு கட்டை!

சாத்தையனுக்கு மட்டும் சந்தேகம். வடத்தைப் பிடித்தபடியே, "பாட்டு முடியும்போது இழுப்பதாகத்தான் வாக்குக் கொடுத்தோம் இது முடிந்ததா அல்லது முறிந்ததா என்று முதலில் தீர விசாரித்து..." என்று ஒரு நெடும்பேச்சைத் தொடங்கினார். பேச்சு நடுவில் இருக்கும்போதே, டொக்! அவர் கை தானாக இழுத்துவிட்டது. இழுத்த வேகத்தில் பேச்சு அறுந்து போயிற்று. நெடுமூச்சுச் சாத்தையனின் பேச்சு! அவர் திருதிருவென்று விழித்தார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை, எல்லாருக்கும் வடம்தான் முக்கியம். அவர் மீதிப் பேச்சை விழுங்கிவிட்டுக் காலை மணலில் ஊன்றி, குக்குறுவான் கொடுத்த துண்டை வாயில் வாங்கித் தானும் ஓங்கிச் சொன்னார். அதைக் கேட்டு மற்றவர்களும் சொன்னார்கள். மேலே குருவி ஒரு துண்டைக் கொடுக்க, கீழே ஊரே ஒரே வாயாக அதை வாங்கிச் சொல்லி இழுத்தது.

வெட்ட வெட்டக் குக்குறுவானுக்கும் கை வந்துவிட்டது. எல்லாத் துண்டும் ஒரே அளவாக இருந்தால் ஆட்கள் திணறுகிறார்கள் என்று கண்டுகொண்டது. குட்டையாக ஒரு துண்டு கொடுத்தது, பிடியை மாற்றிக்கொள்ள. நீளமாக ஒரு துண்டு கொடுத்தது, மூச்சைக் கட்டி இழுக்க. குட்டை, நீளம். குட்டை, குட்டை, நீளம். அடடா, தோணி எப்படி எழும்பியது தெரியுமா! அதுவரை கட்டை மாதிரிக் கிடந்தது, இப்போது தாளத்துக்குத் தலையாட்டுகிற மாதிரி எழும்பி எழும்பி வந்தது. குக்குறுவானின் நெற்றியில் இரத்தம் கசிந்து மார்பில் சொட்டியது. அது நிறுத்தவில்லை.

இடைவெளி போதும் என்று தெரிந்ததும் கொற்றி தண்ணீருக்குள் தலையை விட்டாள். கையைத் துழாவி நாகனின் முடியைப் பிடித்தாள். முடி என்றால் முடி, வலிக்குமே என்றெல்லாம் பார்க்கவில்லை. இழுத்து வெளியே போட்டாள். அவன் அசையாமல் கிடந்தான். முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். வாய் நிறையத் தண்ணீரைக் கக்கிவிட்டு அவன் மூச்சை இழுத்தான்.

"கொற்... றி" என்றான்.

"இனிமே குழிக்குள்ள போவீங்களா?" என்று இன்னொரு அறை வைத்தாள். பிறகு அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஊர் முழுக்கச் சந்தோஷத்தில் அழுதது.

அன்று சாயங்காலம் அந்தத் துறையில் நடந்த கூத்தைப் பார்க்க வேண்டுமே! பேச்சை வெட்டலாம், வெட்டினாலும் சாகாது என்று தெரிந்துவிட்டது. விடுவார்களா? ஒருவர் பெயரை ஒருவர் வெட்டி வெட்டிக் கூப்பிட்டுச் சிரித்தார்கள். இரண்டு பெண்கள் ஆளுக்கொரு உலக்கையைப் பிடித்து ஒரே உரலில் மாற்றி மாற்றிக் குத்தினார்கள், கையில் அடிபடவில்லை. ஒருத்தி துண்டுகளைக் கோத்து மெதுவாகச் சொல்ல, தொட்டில் குழந்தை தூங்கிப்போயிற்று. யாரோ குட்டைத் துண்டையும் நீளத் துண்டையும் அடுக்கிச் சொன்னார்கள். கேட்ட எல்லாரும் அதைத் திருப்பிச் சொன்னார்கள். சொன்னது மறக்கவே இல்லை. முதல் செய்யுள் அப்படித்தான் பிறந்தது. தோணியை அசைத்த துண்டு என்பதால் அதற்கு 'அசை' என்றே பெயரும் வைத்தார்கள்.

இந்தச் சந்தடியில் அத்திமரத்தை எல்லாரும் மறந்துபோனார்கள்.

மறுநாள் காலையில் வெயில் வந்தது. குக்குறுவான் வழக்கம்போல அலகைத் திறந்தது. கிளையில் மோதிய அதே சத்தத்தில் 'டொக்' என்று ஒரு துண்டு வந்தது, முதல் துண்டு மட்டும். அடுத்ததைத் தொண்டைக்குள் தேடியது, இல்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. மறுபடியும் 'டொக்' மட்டும்தான். கொற்றியும் நாகனும் மரத்தடிக்கு வந்தபோது அது அந்த ஒரே துண்டைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தது. நெற்றியிலும் மார்பிலும் இரத்தம் காய்ந்து சிவப்பாக ஒட்டியிருந்தது.

கொற்றி நிமிர்ந்து அதைப் பார்த்தாள். "அண்ணே, மீதித் துண்டெல்லாம் எங்ககிட்ட இருக்கு. திருப்பி எடுத்துக்கோ" என்று தான் நேற்றுக் கேட்டதையெல்லாம் வரிசையாகச் சொன்னாள். குக்குறுவான் கவனமாகக் கேட்டது.

"நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. ஆனா அது இப்ப உங்க பாட்டு ஆயிடுச்சு. என் தொண்டையில ஒட்டாது" என்றது.

கொற்றி விடவில்லை. நாகனின் உளியை வாங்கினாள். தோணியின் பக்கப் பலகையில், ஒரு துண்டைச் சொல்லி ஒரு குறி வெட்டினாள், அடுத்த துண்டைச் சொல்லி அடுத்த குறி. துண்டுக்கு ஒரு குறியாகப் பலகை முழுக்க வெட்டி முடித்தாள்.

"எங்க வாய் மறந்தாலும் இது மறக்காது. என்னைக்கு உன் தொண்டை ஆறுதோ அன்னைக்கு வந்து எடுத்துக்கோ அண்ணே. அதுவரைக்கும் ஒண்ணையும் தொலைக்க மாட்டோம்."

குக்குறுவான் பலகையைப் பார்த்தது. அதற்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் அந்தக் கர்வக்காரக் குருவிக்குத் தன் பாட்டு அவ்வளவு நீளமாகப் பலகையில் கிடப்பதைப் பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது. அப்போது ஆற்றில் வேறொரு தோணியைத் தள்ளுகிறவர்கள் குரல் கொடுத்தார்கள். ஒருவர் ஒரு துண்டைச் சொல்ல, மற்றவர்கள் அதை வாங்கிச் சொன்னார்கள். குக்குறுவான் சடக்கென்று தலையைத் திருப்பியது. அது அதனுடைய இரண்டாவது துண்டு! இந்தப் பக்கம் களத்துமேட்டில் உலக்கை போடுகிற பெண்கள் பாடினார்கள். மறுபடி தலையைத் திருப்பியது. அது மூன்றாவது.

அன்று தொடங்கியதுதான் எல்லாம். பாரம் இழுக்கிற இடத்தில் ஒரு குரல் வெட்டிக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கி இழுக்கிறார்கள். பாட்டுக் கட்டுகிறவர்கள் குட்டையும் நீளமுமாக அசையை அடுக்குகிறார்கள். எழுதப் பழகும் குழந்தை ஒவ்வொரு குறியாக வாய்விட்டுச் சொல்லி எழுதுகிறது. நெற்றியும் மார்பும் சிவந்த குக்குறுவான் மட்டும் உச்சிக் கிளையில் உட்கார்ந்து, இருக்கிற ஒரு துண்டைச் சொல்லிவிட்டு, இந்தப் பக்கம் ஒருதரம் அந்தப் பக்கம் ஒருதரம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறது. மீதிப் பாட்டு முழுக்க நம் வாயில் அல்லவா இருக்கிறது!